இருநூறு மணி நேரம் பழுக்க வைத்தது

ஹெட்ஃபோனின் இடது பஞ்சு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. வலது பஞ்சு தரையைப் போலக் குளிர்ந்து கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே வைக்காமலே இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். யாரோ இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டுப் போன தொப்பியின் உள்பக்கச் சூடு. வீட்டில் யாரும் இல்லை. மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

மேசையில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கீழே இருந்தது கணினியின் எண்களை ஒலியாக மாற்றித் தரும் டிஏசி. மேலே இருந்தது அந்த ஒலியை ஹெட்ஃபோனுக்கு ஏற்ற பலத்தில் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர். ஒரு குமிழ், ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஊராரின் கண்களைச் சோதித்தே ஆயுளைக் கழித்தவர் தன் காதுக்கென்று வாங்கிய முதல் பொருள் அது. மனைவியிடம் ஸ்டெபிலைசர் என்று சொல்லியிருந்தார். அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அது வந்த பிறகு அவர் மனம் கொஞ்சம் நிலையாகத்தான் இருந்தது.

புது ஹெட்ஃபோனை வாங்கியவுடன் கேட்கக் கூடாது, இருநூறு மணி நேரம் யாரும் கேட்காமல் ஓடவிட்டுப் பழுக்க வைக்க வேண்டும் என்பது இந்த ஒலிப் பித்துப் பிடித்தவர்களிடம் உள்ள ஒரு வழக்கம். ஏதாவது ஓர் இரைச்சலை ஓடவிட்டால் போதும் என்பார்கள். கடைக்காரர் அதோடு விடுகிறவர் இல்லை. நன்றாகப் பழகிய குரலை ஓடவிட்டால்தானே பழுத்ததா இல்லையா என்று பிறகு தெரியும்? தன் செல்போனில் ஆறு வருடமாகச் சேர்ந்திருந்த மனைவியின் குரல் மெசேஜ்கள் நானூற்றுச் சொச்சத்தையும் கணினியில் ஏற்றி, திரும்பத் திரும்ப ஓடும்படி செய்தார். ஹெட்ஃபோன் ஒரு தலை அகலத்துக்கு விரிந்திருக்க வேண்டுமே என்று, மனைவியின் தலையணையை இரண்டாக மடித்து, துணிப்பட்டையால் கட்டி, அதற்கு மாட்டிவிட்டார். அவர் ஒருநாளும் முழுதாகக் கேட்காத மெசேஜ்களைத் தலையணை இரவும் பகலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் மனைவி நர்சரிப் பள்ளி ஆசிரியை. வீட்டிலும் டீச்சர்தான். இருபத்தாறு வருடமாக, பிரம்பு தொடாமல், வெறும் குரலாலேயே முப்பது குழந்தைகளை உட்கார வைக்கிறவர். பஞ்சு சுட்ட அந்த மூன்றாம் நாள் மதியம் அவரே போன் செய்தார்.

"என்ன டீச்சர், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"இங்க ஏசி ஒத்துக்கல. தொண்டை கட்டிக்கிச்சு. கேஸை மூடினீங்களா?"

"மூடிட்டேன்."

"போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."

போய்ப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. "மூடித்தான் இருக்கு" என்றார்.

ஐந்தாம் நாள் மதியம் வந்தபோது ஆம்ப்ளிஃபயரின் குமிழ் அவர் வைத்திருந்த பத்தில் இல்லை. ஆறில் இருந்தது. தலையணையின் முன்பக்கம், ஒரு முகம் என்றால் வாய் இருக்க வேண்டிய இடத்தில், எட்டணா அகலத்துக்கு ஈரம். முகர்ந்து பார்த்தார். டீச்சரின் தலையெண்ணெய் வாசனை. அதற்கு அடியில், வெகுநேரம் மூடியிருந்த வாயைத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த வாடை. பெட்டிகளைச் செய்து கொடுத்த எலெக்ட்ரானிக்ஸ்காரரைக் கூப்பிட்டார். கையில் எப்போதும் ஈயப்பற்று வைக்கும் கம்பியோடு திரிவதால் அவருக்குச் சால்டர் என்றே பெயர்.

"பூனை ஏதாச்சும் பூந்திருக்கும்ணே" என்றார் சால்டர்.

"பூனை வந்து வால்யூமைக் குறைக்குமா?"

"என்னத்தைப் போட்டு ஓட்டுறீங்க?"

"வீட்டம்மா குரலைத்தான்."

சால்டர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப பூனையா இருந்தாலும் குறைக்கத்தான் செய்யும்."

கடைக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அறையின் ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் உள்பக்கமாகப் போட்டபடியே இருந்தன.

எட்டாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. இன்னும் பத்து மணி நேரம் பாக்கி இருக்கும்போதே, காலை வெயில் மேசைமேல் விழுந்து கிடக்க, ஹெட்ஃபோனைத் தலையணையிலிருந்து உருவித் தன் காதில் மாட்டிக்கொண்டார். டீச்சர் அவர் தலைக்குள்ளேயே வந்து நின்று பேசினார். பல்லில் நாக்கு தொட்டுப் பிரியும் ஓசை, பேசுமுன் இழுத்த சின்ன மூச்சு, வளையல் மேசையில் பட்ட ஒலி, எங்கோ பின்னால் பள்ளி வராந்தாவில் யாரோ பெஞ்சை இழுக்கும் கரகரப்பு என்று அத்தனையும் கழுவித் துடைத்து வைத்ததுபோலத் தனித்தனியாகக் கேட்டன. கண்ணை மூடிக்கொண்டார். வாங்கியது வீண் போகவில்லை.

அப்புறம்தான் இன்னொன்று கேட்டது.

"வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்றார் டீச்சர். அரை நொடி தள்ளி, இடது காதில் மட்டும், மெதுவாக, யாரோ அதையே சொன்னார்கள். வகுப்பில் டீச்சர் சொல்லச் சொல்லக் குழந்தை திருப்பிச் சொல்லுமே, அப்படி. அடுத்த மெசேஜிலும் சொன்னது. அதற்கடுத்ததிலும். தப்பில்லாமல். மூச்சு இழுத்த இடத்தில் மூச்சு இழுத்து.

ஹெட்ஃபோனைக் கழற்றித் தலையணைமேல் வீசினார். போன் அடித்தது. டீச்சர். காற்றுதான் வந்தது, காற்றுக்குள் எங்கோ சொற்கள் இருந்தன.

"டாக்டர்... தொண்டையில ஒண்ணுமே இல்லன்றார். பஸ்ஸ விட்டு இறங்கிட்டேன். ஆட்டோல வந்துட்டிருக்கேன். திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குது. குரல் இல்லாம பிள்ளைங்க முன்னாடி எப்படிங்க நிக்கிறது? பயமா இருக்குங்க."

தொடர்பு அறுந்தது. மூன்றாம் நாள் கட்டிய தொண்டை. ஐந்தாம் நாள் ராத்திரி போனில் இன்னும் கம்மியது. இன்றைக்கு வெறும் காற்று. கடைக்காரருக்குக் கணக்கு அப்போதுதான் புரிந்தது. இங்கே எவ்வளவு ஏறியதோ, அங்கே அவ்வளவு இறங்கியிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

பேச்சு அணையவில்லை.

ஹெட்ஃபோன் தலையணைமேல் நேராக உட்கார்ந்திருந்தது. அவர் வீசியது கோணலாக. இப்போது இரண்டு பக்கமும் சரியாக, இறுக்கமாக. ஒயரை உருவினார். கையோடு வந்தது. பேச்சு நிற்கவில்லை. தலையணையைத் தூக்கப் பார்த்தார். கனத்தது. ஒரு தலை எவ்வளவு கனக்குமோ அவ்வளவு.

"பயமா இருக்குங்க" என்றது அது.

டீச்சரின் முழுக் குரல். கட்டாத குரல். எந்த மெசேஜிலும் இல்லாத சொல்.

வெளியே வந்தார். அறைக் கதவைப் பூட்டினார். பூட்டிய கையை எடுக்கவில்லை. கதவு அதிர்ந்தது, குரல் மரத்தில் பட்டு அதிர்ந்தது. டீச்சரை உள்ளே விடக் கூடாது. வாசலிலேயே நிறுத்தி, அப்படியே திருப்பி, எங்காவது. எங்காவது தூரமாக.

ஆட்டோ சத்தம். நின்றது. கேட் திறந்தது.

ஓடினார். வாசலில் டீச்சர் நின்றிருந்தார். தோளில் பை. ஒரு கால் செருப்பு கழன்றிருந்தது. முகத்தில் எட்டு நாள் களைப்பு. அவரைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

"உள்ள வராத டீச்சர்" என்றார். "ஆட்டோவ நிறுத்து."

டீச்சர் திரும்பினார். ஆட்டோக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"நீங்க போங்கண்ணே, நான் வந்துட்டேன்" என்றது பூட்டிய அறை, தெரு வரைக்கும் கேட்கும்படி.

ஆட்டோ போய்விட்டது.

தூக்கிய கை மெல்லக் கீழே இறங்கியது. டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். கண்கள் அகலத் திறந்திருந்தன, அவரையே பார்த்தன, என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சின. உதடுகள் மட்டும் அந்தக் கண்களோடு சேராமல் அசையத் தொடங்கின.

"ஏங்க," என்றது அறை. "கதவைத் திறங்க. என்னைப் போய்ப் பூட்டி வச்சிருக்கீங்களே."

அரை நொடி தள்ளி, ஓசையே இல்லாமல், டீச்சரின் உதடுகள் அதைச் சொல்லி முடித்தன.