மறைந்த அம்மா, குளியலறையில்

"அம்மா, இன்னிக்கு நீ இருக்கக் கூடாது."

காலையில் எழுந்து பல் தேய்க்கிற நேரத்தில் பெற்ற பிள்ளை இப்படிச் சொன்னால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு அடைக்கும். அம்மாவுக்கு அடைக்கவில்லை. ஏனென்றால் ஒரு வருஷமாகவே அவள் இல்லை. அதாவது, ஊருக்கு இல்லை. சமைக்க, துவைக்க, பின்னறையில் சோப்புக் கலக்க, இதற்கெல்லாம் தாராளமாக இருந்தாள்.

மகனுக்கு வேலை போனபோது ஆரம்பித்த கூத்து அது. அவள் வீட்டுக்கென்று செய்கிற சோப்பை விற்கலாம் என்று இணையத்தில் ஒரு பக்கம் திறந்தான். லைக் போட்டது அவளுடைய தம்பி ஒருவன்தான். அதுவும் கை தவறி. அப்போதுதான் ஒரு விளம்பர ஆலோசகன் வந்து சேர்ந்தான். வாயைத் திறந்தால் ஐடியா என்பதால் வீட்டில் அவனுக்கு 'ஐடியா' என்றே பெயர்.

"சோப்பு பிரமாதம் சார். ஆனா சோப்பை யார் ஷேர் பண்ணுவா? சோகத்தைத்தான் பண்ணுவாங்க."

மறுவாரமே அம்மாவின் கருப்பு வெள்ளைப் படம் வந்துவிட்டது. கீழே, 'மறைந்த எங்கள் அம்மாவின் கைப்பக்குவம்.' துக்கம் விசாரிக்க வந்த எதிர்வீட்டுக்காரிக்குக் கதவைத் திறந்துவிட்டவளே அம்மாதான். அந்தப் பெண் போட்ட அலறலில்தான் தான் செத்த விஷயமே அவளுக்குத் தெரியும்! பார்த்தது ஆவிதான் என்று எதிர்வீட்டுக்காரியை ஐடியா நம்பவைத்து அனுப்பினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, அவதான் போட்டா" என்று மகன் பெண்டாட்டியைக் காட்டினான். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அம்மாவும் அவளோடு நேராகப் பேசவில்லை. "சாப்பாடு ஆறுது" என்று சுவரிடம் சொல்வாள். சுவருக்குப் பதில் மருமகள் வந்து சாப்பிடுவாள்.

சோப்பு மட்டும் பறந்தது. 'பிள்ளை பிழைக்கிறதுக்கு நான் கொஞ்ச நாள் செத்தா என்ன குறைஞ்சுது' என்று அம்மா திரைக்குப் பின்னால் ஒதுங்கினாள். வாசலில் மணி அடித்தால் உள்ளே. ஜன்னல் பக்கம் தலை காட்டக் கூடாது. தெருவில் காலை வைத்து எத்தனையோ நாளாயிற்று. 'அப்பாவைத் தனியா விடாதீங்க, ஒரு துணை பாருங்க' என்று யாரோ போட்ட கமெண்டை அவள் புருஷன் சத்தமாகப் படித்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

"சும்மாதான் படிச்சேன்..."

"ரெண்டு தடவையா?"

இன்றைக்கு என்னவென்றால், லட்சக்கணக்கான பேர் பின்தொடர்கிற வீடியோக்காரப் பெண் ஒருத்தி வீட்டுக்கே வந்து நேரலை போடப் போகிறாள்.

"இன்னொண்ணும்மா..." மகன் தரையைப் பார்த்தான். "ஊருக்கு வெளியில உனக்கு ஒரு ரூம் பார்த்திருக்கேன். அடுத்த வாரத்திலேர்ந்து நீ அங்கேயே இருந்து சோப்புப் போடு. நம்ம வீடு இனிமே எல்லாருக்கும் தெரிஞ்சிடும். யாராவது உன்னைப் பார்த்துட்டா மொத்தமும் போச்சு. அங்க நீ நிம்மதியா இருக்கலாம்."

பிரஷ் கையிலேயே நின்றது. "செத்தவளுக்கு நிம்மதி வேறயாடா?" என்றாள் அம்மா. ஆனால் அழவில்லை. எண்ணெயில் காஸ்டிக் சோடாத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பல் தேய்க்க வந்திருந்தாள், அவள் புருஷன் கிழவர் கலக்கிக்கொண்டிருந்தார். அழுவதற்கெல்லாம் நேரமில்லை.

வீடியோக்காரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டாள். பின்னறையைப் படமெடுக்க வேண்டுமாம். "பாதியில நிறுத்தினா எண்ணெய் தனியா தண்ணி தனியாப் பிரிஞ்சிடும்டா!" என்று அம்மா சொல்லச் சொல்ல, மகனும் ஐடியாவும் அவளை, சோப்பு வாளியோடு, கலக்குகிற துடுப்போடு, கையுறையோடு, கண்ணுக்குப் போட்ட பாதுகாப்புக் கண்ணாடியோடு குளியலறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

அம்மா கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார்ந்து கலக்கினாள். கதவுக்கு வெளியே மகனின் கிசுகிசுப்பு கேட்டது.

"நீதான் பேசணும். மருமக அழுதா நல்லா எடுபடும்னு ஐடியா சொல்றான்."

"முடியாது." மருமகள் குரல். "உள்ள உக்காந்திருக்கற மனுஷியை 'இருந்தாங்க, போயிட்டாங்க'ன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"மெதுவாப் பேசு..."

"என்ன மெதுவா? அந்தப் படத்தை நீங்க போட்டப்பவே வேணாம்னு சண்டை போட்டேன். பழியையும் என் தலையில போட்டீங்க. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவுல விரிசல் வேணாம்னு வாயை மூடிக்கிட்டேன். இப்போ அவங்களை வீட்டை விட்டே அனுப்புறீங்க. அத்தை போனா நானும் அந்த ரூமுக்கே போறேன். நீங்க ஐடியாவோட குடித்தனம் பண்ணுங்க!"

உள்ளே துடுப்பு நின்றுபோனது. ஒரு வருஷம் சுவரோடு பேசினோமே... சுவருக்கு இருந்த மனசு கூட நமக்கு இல்லையே!

"சரி, நானே பேசிக்கறேன்" என்று மகன் கூடத்துக்குப் போனான். வீடியோக்காரியின் வட்ட விளக்கு எரிந்தது. நேரலை ஆரம்பித்தது.

"அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?" என்று வீடியோக்காரி தழுதழுத்தாள்.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு... 'கண்ணா, நான் போனாலும் என் நுரை உன்னோட இருக்கும்'னு..."

நுரையா!

கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள் அம்மா. ஒரு கையில் வாளி, ஒரு கையில் துடுப்பு, கண்ணில் பெரிய கண்ணாடி. விளக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அந்த நுரை வசனத்தை நான் எப்படா சொன்னேன்?"

வீடியோக்காரி வீல் என்று கத்தினாள். ஆனாலும் தொழில் தெரிந்தவள். கத்திக்கொண்டே போனை அம்மா பக்கம் திருப்பிவிட்டாள். "கட்! கட்!" என்று ஐடியா குதித்தான். நேரலைக்கு ஏது கட்?

"வணக்கம்" என்றாள் அம்மா போனைப் பார்த்து. "நான்தான் மறைந்த அம்மா. பாவம்னு இந்த சோப்பை வாங்கினவங்க திருப்பி அனுப்பிடுங்க, காசு குடுத்துடறோம். அழுக்குப் போகும்னு வாங்கினவங்க மறுபடியும் வாங்குங்க. செஞ்சவ உயிரோட இருக்கா. இன்னொரு விஷயம். என் வீட்டுக்காரருக்குப் பொண்ணு பார்க்கறவங்க தயவுசெஞ்சு நிறுத்திக்கணும்."

கிழவர் அவசரமாகத் தலையாட்டினார்.

"எல்லாம் போச்சும்மா!" மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

"போகட்டும்! நீ பொழைக்கணும்னு ஒரு வருஷம் செத்துக் காமிச்சேன். மழை எப்படி இருக்கும்னு மறந்து போச்சுடா எனக்கு! உன் சோகத்தை நீயே வித்துக்கோ. இது என் வீடு, என் சோப்பு. இனிமே நான் செத்தாலும் சாக மாட்டேன்!"

அவள் மருமகள் பக்கம் திரும்பினாள். சுவர் அந்தப் பக்கம் இருந்தது. சுவரை அவள் பார்க்கவில்லை.

"ஏம்மா... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிட்ட."

"அத்தை..." ஓடிவந்தாள் மருமகள்.

"கிட்ட வராத! கையெல்லாம் காஸ்டிக், பொசுக்கிடும்!"

யார் கேட்டார்கள்? அவள் வந்து கட்டிக்கொண்டுவிட்டாள். வாளியைக் கீழே வைத்த அம்மா, அணைக்கவும் முடியாமல் விலக்கவும் முடியாமல் இரண்டு கையையும் பறக்கிற பறவை மாதிரி அகல விரித்துக்கொண்டு, தாடையை மட்டும் அந்தத் தலைமேல் அழுத்தினாள்.

மகன் விளக்கடியில் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினான். இது ஐடியா சொல்லிக்கொடுத்த அழுகை இல்லை; மூக்கெல்லாம் ஒழுகியது. "மன்னிச்சிடும்மா..."

அம்மா கையுறைகளைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். பின்னாலேயே துடுப்பையும்.

"அழுறதை அப்புறம் அழு. கெட்டியாகுற நேரம். நிறுத்தாம கலக்கு."

அவன் உட்கார்ந்து கலக்கினான். அம்மா ஏப்ரனை அவிழ்த்து வைத்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள்.

எதிர்வீட்டுக்காரி மறுபடியும் அலறினாள்.

"கத்துடி, நல்லாக் கத்து!" என்றபடி அம்மா தெருவில் இறங்கினாள். "நாலு பேருக்குக் கேக்கட்டும்."