யாருக்கு இந்தத் தண்ணீர்

ஆற்றிலிருந்து கரையேறிய கோர்பு உடலை உதறவில்லை.

நீரைவிட்டு வெளியே வந்த எந்த நாளிலும் அந்தக் கறுப்பு நாய் அருகில் நிற்பவர்மீது ஒரு சிறு மழையைப் பொழியாமல் இருந்ததில்லை. கோஸ்டினுடைய சட்டைகளும் அவனுடைய மனைவி ஸ்மரண்டாவின் பொறுமையும் அதனால் பலமுறை நனைந்திருக்கின்றன. இன்றோ அது ஒவ்வொரு காலையும் யோசித்து ஊன்றுவதுபோல் நடந்து, தலையைச் சற்றும் அசைக்காமல், வாயில் எதையோ கவ்வியபடி கேம்பர் வேனின் படியருகே வந்து நின்றது. பாதியாக அறுக்கப்பட்ட சுரைக்குடுக்கை. அதனுள் ஒரு சிறிய வளைய ரொட்டி. ரொட்டியின் நடுவே ஒரு மெழுகுவர்த்தி. ஆற்றின் பாதி அகலத்தைக் கடந்து நாயின் பற்களுக்கிடையே வந்த அந்தச் சுடர் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"பாரு, கேக்கு வந்திருக்கு," என்றான் கோஸ்டின். கரியடுப்பின்மேல் பூண்டு மணக்கும் இறைச்சி உருளைகளைப் புரட்டிக்கொண்டிருந்தவன், இடுக்கியைக் கீழே வைக்காமலேயே குனிந்து பார்த்தான். "உன் பொறந்தநாள் ஏப்ரல்லன்னு இவன்கிட்ட யாரும் சொல்லல போல."

"தொடாத. செத்தவங்களுக்கு விடறது அது," என்றாள் ஸ்மரண்டா.

"எனக்குத் தெரியாதா? எங்க சித்தப்பாவுக்கு நான்தானே விட்டேன். இடுப்பளவு தண்ணில, ஜட்டியோட. அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டேதான் போயிருப்பாரு."

அவளுக்கும் தெரியும். ஜியு ஆற்றங்கரை ஊர்களில், இறந்தவரின் பெயரால் வாரக்கணக்கில் வீடுவீடாகத் தண்ணீர் சுமப்பார்கள். கடைசி நாளில் அத்தண்ணீரை ஆற்றில் விடுவித்து, விளக்கை மிதக்கவிடுவார்கள். யாருக்கு என்று கரையில் ஒருவர் கேட்க, நீரில் நிற்பவர் பெயரைச் சொல்வார். பெயர் சொல்லப்பட்ட பின்னரே இறந்தவர் தாகமின்றிப் புறப்படுகிறார். எதிர்க்கரையின் வில்லோ மரங்களுக்குக் கீழே, மங்கிவரும் வெளிச்சத்தில், சில கறுப்பு உருவங்கள் அசையாமல் நிற்பதை அவள் அப்பொழுதுதான் கவனித்தாள்.

"திருப்பி விட்டுடு," என்றாள். "விளையாடாம விடு."

விளையாடாமல். பேசவேண்டுமென்று சொல்லி, கிரயோவா நகரத்திலிருந்து இந்த வார இறுதிக்காக அவனை அவள் அழைத்து வந்ததே அதற்காகத்தான். எதைக் கேட்டாலும் வேடிக்கையாகத் திருப்பித் தருகிற அந்த வாயிலிருந்து ஒரேயொரு மாலையேனும் நேரான விடை வரவேண்டும். வராவிட்டால், திங்கட்கிழமை தன் துணிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதென்று அவள் தீர்மானித்திருந்தாள்.

கோஸ்டின் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நீரில் இறங்கி, குடுக்கையைப் பணிவான ஒரு பரிசாரகனின் பாவனையோடு ஆற்றின்மேல் வைத்தான். அதே நொடியில் எதிர்க்கரையிலிருந்து ஒரு பெண்குரல், நீரின்மேல் தட்டையாக வழுக்கியபடி வந்தது.

"யாருக்கு இந்தத் தண்ணி?"

சிறுவயதில் பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது. "கோஸ்டினுக்கு," என்று உரக்கச் சொன்னான் அவன். "தாகம் தாங்கல. சாராயமா இருந்தாலும் பரவால்ல."

குடுக்கை நீரோட்டத்தைப் பற்றிக்கொண்டு விரைந்தது, காத்திருந்ததுபோல. எதிர்க்கரையில் எவரும் திட்டவில்லை. அவள் வசையை எதிர்பார்த்தாள். விரும்பினாள் என்றே சொல்லவேண்டும். உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மரங்களுக்குள் மறைந்தன. ஒன்று மட்டும் நின்றது.

இரவு உணவுக்குப் பின்னர் வேனுக்குள் பம்ப் ஓடத் தொடங்கியது.

குழாயைத் திறந்தாலன்றி அந்தப் பம்ப் ஓடாது. படுக்கைக்கு அடியிலுள்ள தொட்டியிலிருந்து நீரை இழுக்கும்போது, டப்பாவுக்குள் அடைபட்ட வண்டுபோல் அது முரலும். குழாயை மூடியதும் நின்றுவிடும். இருவரும் மேசையின் இருபுறமும் அமர்ந்திருந்தார்கள். குழாய்கள் மூடியிருந்தன. பம்ப் முரன்றது, நின்றது, சற்றுப் பொறுத்து மீண்டும் முரன்றது. ஒருவர் குடித்து, மூச்சு வாங்கி, மறுபடியும் குடிப்பதற்கு ஆகும் இடைவெளி.

"வாஷர் தேஞ்சிருக்கும்," என்றான் கோஸ்டின்.

"கோர்புவப் பாரு."

குழாயடியில் படுத்திருந்த நாய், தலையை நிமிர்த்தி, மேலே ஓரிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரின் முகம் இருக்கக்கூடிய உயரம் அது. அதன் வால் தரையை மெல்லத் தட்டியது. ஈர மண்ணின் வாடையும், அதனோடு சிமெண்ட் தூளின் வறண்ட வாடையும் வேனுக்குள் பரவின.

விடிந்தபோது தொட்டியில் ஒரு சொட்டும் இல்லை. கோர்புவின் கிண்ணம் நக்கப்பட்டதுபோல் காய்ந்திருந்தது. கதவுக்கு வெளியே, அக்டோபர் மூடுபனி ஆற்றையும் கரையையும் ஒரே வெண்மையாக்கியிருக்க, கோஸ்டின் தண்ணீருக்கு அருகில் நின்றுகொண்டிருந்தான்.

அவள் தன் மூச்சு புகையாய் எழுவதைக் கண்டாள். நாயின் மூச்சும் புகைந்தது. கோஸ்டினின் முகத்தைச் சுற்றிலும் காற்று தெளிவாக இருந்தது.

ஆற்றுநீரைக் கொதிக்கவைத்துக் காப்பி கலந்து கொடுத்தாள். கோப்பையை இரண்டு கைகளாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டான், குடிக்கவில்லை.

"தாகமா இல்லையா உனக்கு?"

"இல்ல. இனிமே இருக்காது."

அவள் காத்திருந்தாள். அடுத்த சொல் வேடிக்கையாக வரும், எப்பொழுதும் வரும். அவன் அவளை நேராகப் பார்த்தான், அவ்வளவே. பதினொரு ஆண்டு மணவாழ்வில் அந்த முகத்தில் அவள் வேண்டியிருந்த அமைதி அது. கோர்பு அவர்களுக்கிடையே வந்து நின்று, தன்னைக் குட்டியிலிருந்து வளர்த்தவனை நோக்கிப் பல்லைக் காட்டியது.

தொங்குபாலத்தைக் கடந்து அவள் ஊருக்குள் போனாள். பாதி வீடுகள் பூட்டியிருந்தன. அவற்றுக்குரியவர்கள் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வேலை செய்தார்கள். மீதி வீடுகளில் அவள் நெருங்க நெருங்கத் திரைச்சீலைகள் இழுத்து மூடப்பட்டன. ஒரு வாயிற்கதவில் மட்டும் ஒரு பெண் ஸ்டூலின்மேல் ஏறி நின்று, சாவுக்காகக் கட்டியிருந்த கறுப்புத் துணியின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். தலையில் சிவப்புப் பூப்போட்ட துணி.

"நேத்து எங்க நாய் செஞ்ச தப்புக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன்மா."

"நாய் என்ன தப்பு செஞ்சுது? தூக்கிட்டு வர்றது அதோட வேலை." நேற்று நீரின்மேல் வழுக்கிவந்த அதே தட்டையான குரல். "உன் புருஷன் எப்படி இருக்கான்?"

ஸ்மரண்டா கதவருகே நெருங்கி வந்தாள். "அவன் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னான்."

"சொன்னான்ல. நான் கேட்டேன், அவன் சொன்னான். வாங்கினவன் போயாகணும்."

"அப்போ உங்க ஆளுக்கு இன்னொரு தடவை விடுவோம். தண்ணி நானே சுமக்கறேன், எத்தனை வாரம் வேணாலும். பேரு மட்டும் சொல்லுங்க. முறைப்படி விட்டுட்டா அவரு போயிடுவாரு, என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைப்பான்."

பெண் கறுப்புத் துணியைப் புடவைபோல் நேர்த்தியாக மடித்தாள். "என் மகன் இத்தாலில, டூரின்ல, சாரத்துலேருந்து விழுந்தான். சிமெண்ட் மூட்டைங்களுக்கு நடுவுல சாயங்காலம் வரைக்கும் கெடந்தான். தண்ணி கேட்டானாம். கூட வேலை செஞ்சவன் சொன்னான், கேட்டுக்கிட்டே இருந்தானாம்." ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "வாரக்கணக்கா நான் தண்ணி சுமந்தேன், அவனை அனுப்பி வைக்கறதுக்கு. எந்தத் தாய் அனுப்பி வைப்பா, சொல்லு. ஊருக்காகச் செஞ்சேன். இப்போ அவனுக்கு ஒரு வீடு கெடைச்சிருக்கு. சக்கரம் வெச்ச வீடு. குடிக்கறானா?"

ஸ்மரண்டா ஓரடி பின்வாங்கினாள். பெண்ணின் முகம் மலர்ந்தது.

"குடிக்கறான்," என்றாள் அவள், தனக்குத்தானே. "நல்லாப் பாத்துக்கோ பொண்ணே." வாயிற்கதவு மூடியது. தாழ் விழுந்தது.

கல்லறைத் தோட்டம் தேவாலயத்திற்குப் பின்னால் இருந்தது. புதிய மண்மேடு ஒன்றுதான். அதன் தலைமாட்டில் ஊசியிலை மரத்தாலான புதிய சிலுவை. பெயரைப் படிக்க ஸ்மரண்டா ஓடினாள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மரம் ஆழமாகச் சீவப்பட்டு வெளுத்திருந்தது. சுருள்சுருளாகச் சீவல்கள் மண்ணின்மேல் கிடந்தன. அவற்றின்மேல் பனி இன்னும் படியவில்லை. பிசின் மணத்தது.

அவள் சீவல்களைப் பொறுக்கினாள். ஒட்டவைத்துப் பார்த்தாள். கறுப்பு வண்ணத்தின் கீற்றுகள். ஒரு வளைவு, ஒரு கோடு. எழுத்தாகவில்லை.

திரும்பி வந்தபோது மாலையாகியிருந்தது. மூடுபனி விலகவேயில்லை. கோஸ்டின் காலையில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கையில் காப்பிக் கோப்பை. நிறைந்திருந்தது.

பெயரில்லாமலேயே முயன்று பார்ப்பதைத் தவிர வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. கோர்புவின் கிண்ணத்தில் ரொட்டித்துண்டை வைத்தாள். மின்சாரம் போனால் ஏற்றுவதற்கென வேனில் வைத்திருந்த மெழுகுவர்த்தியை அதில் நட்டாள். நீரில் இறங்கினாள். குளிர் முழங்காலைக் கவ்வியது. கிண்ணத்தை நீரின்மேல் வைத்தபோது, எதிர்க்கரையில், வெண்மைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. தலைத்துணி.

"யாருக்கு இந்தத் தண்ணி?"

"உங்க மகனுக்கு."

"பேரு?"

ஆறு ஓடும் ஓசை.

"தாகத்தோட செத்தவனுக்கு," என்று கத்தினாள் ஸ்மரண்டா. "சாரத்துலேருந்து விழுந்தவனுக்கு. உங்க வயித்துல பொறந்தவனுக்கு."

"பேரு, பொண்ணே."

கிண்ணம் சற்றுத் தூரம் சென்றது. நின்றது. பிறகு, ஓடும் நீருக்கு எதிராக, நேராக, அவளிடம் திரும்பி வந்து முழங்காலில் முட்டியது. மெழுகுவர்த்தி அணைந்திருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் நீர் பிளந்தது. கோஸ்டின் இறங்கிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி அலை எழவில்லை.

"கோஸ்டின். வேணாம். வேனுக்குள்ள வா."

அவன் நின்றான். அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். "நீ ஏதோ பேசணும்னு சொன்னியே," என்றான், மிகப் பொறுமையாக. "பேசு. கேக்கறேன்."

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து அவள் எதுவும் குடிக்கவில்லை. கையை நீட்டினாள். சட்டையைப் பற்றினாள். ஈரமில்லாத துணி விரல்களுக்குள் நீரைப்போல் நழுவியது.

"ஏதாவது வெளையாட்டாச் சொல்லு," என்றாள். அது சொல்லாக வரவில்லை. காற்றாக வந்தது.

அவன் தலையை அசைத்தான், அவள் பேசிமுடித்துவிட்டதைப்போல. இடுப்பு. மார்பு. கோப்பையைப் பிடித்த கை. பிறகு ஆறு மட்டும்.

சிவப்புப் புள்ளியும் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. வேனில் ஏறினாள். கதவைப் பூட்டினாள். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைச் செருகினாள். திருகவில்லை. வேன் அசைந்தது. ஒரு பக்கமாகத் தாழ்ந்தது, படியில் கனமான ஒருவர் கால் வைத்ததுபோல.

கதவு பூட்டியிருந்தது.

பக்கத்து இருக்கையின் மெத்தை அழுந்தியது. சிமெண்ட் தூளின் வாடை. பின்னாலிருந்து கோர்பு வந்தது. வாலாட்டியது. வெறும் இருக்கையின் விளிம்பில் தாடையை வைத்துக் கண்களை மூடிக்கொண்டது.

அதன் தலைமயிர் பிரிந்தது. நெற்றியிலிருந்து பிடரி வரை, மெதுவாக, நான்கு ஈரக் கோடுகள். மீண்டும் நெற்றியிலிருந்து. மீண்டும்.

பின்னால் பம்ப் ஓடத் தொடங்கியது. காலித் தொட்டியைக் குடைந்து குடைந்து உறுமியது. நின்றது.

மயிரின்மேல் கோடுகள் நின்றுபோயின. கோர்பு கண்ணைத் திறந்தது. இருக்கையைப் பார்த்தது. பிறகு, இருக்கையில் இருப்பவர் யாரைப் பார்க்கிறாரோ அவரைப் பார்ப்பதுபோல், ஸ்மரண்டாவைப் பார்த்தது.

அவள் அழுதுகொண்டிருந்தாள். இமையிலிருந்து கண்ணீர் இறங்கியது. வெதுவெதுப்பாக. கன்னத்தில் வழிந்தது. பாதி வழியில் ஏதோ குளிர்ச்சியாக அதைத் தொட்டது.

தாடையை எட்டவில்லை.