முட்டி போட வைத்தவர்தான் எழுப்ப வேண்டும்

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று காலை எட்டே முக்காலுக்கெல்லாம் கேட்டில் பைக்கை நிறுத்தினேன். வாட்ச்மேன் ராமப்பன் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"ராஜசேகர் சார்! திரும்ப இங்கியே போட்டுட்டாங்களா?"

போட்டுவிட்டார்கள். சிங்காரப்பேட்டைப் பக்கம் இதே மிஷனின் இன்னொரு பள்ளிக்கு நானே கெஞ்சி மாற்றல் வாங்கிப் போயிருந்தேன். இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கிறேன் என்றேன். யார் கேட்கிறார்கள்?

ஓசூரில் கம்பெனிமேல் கம்பெனியாக வந்துவிட்டது. எங்கள் வளாகம் மட்டும் அசையவில்லை. பிரெஞ்சுக்காரப் பாதிரியார் கட்டிய கல் கட்டடம், பின்னால் கோயில், கோயிலுக்கும் பின்னால் மாதா கெபி, அதாவது மாதா சிலை வைத்த சின்னக் கல்குகை. ஆண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளி என்பதால் கண்டிப்புக்குப் பேர்போனது. தப்பு செய்தவன் கெபியின் முன்னால் சரளைக்கல்லில் முட்டி போட வேண்டும். யார் போட வைத்தாரோ அவர்தான் எழுப்ப வேண்டும். ஹெட்மாஸ்டர் ஃபாதரே வந்து சொன்னாலும் பையன் எழுந்திருக்கக் கூடாது. அந்தப் பாதிரியார் காலத்து வழக்கம் இது. இப்போது சட்டப்படி தப்பு என்று எங்களுக்குத் தெரியும். அடிக்கவா செய்கிறோம் என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொள்வோம்.

நான் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. கணக்கு வாத்தியார். அதனால் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எட்டாம் வகுப்பு ஹரீஷ்குமார், வீட்டுப்பாடம் முடிக்காத நோட்டைத் தனியாக ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுவந்தான். எனக்கு அன்று என்ன கோபமோ. "போய் கெபிகிட்ட முட்டி போடுறா" என்றேன். போனான். அரைமணி நேரத்தில் சானமாவுக் காட்டிலிருந்து யானைக்கூட்டம் இறங்கிவிட்டதாக வனத்துறையிலிருந்து போன் வந்தது. லாங் பெல் அடித்து எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். நானும் ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இரவு சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது. இந்நேரம் எழுந்து போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன்.

அவன் எழுந்திருக்கவில்லை.

யானைகள் பின்பக்க மதிலை இடித்துக்கொண்டு வந்து அவனை மிதித்துப் போட்டிருந்தன. மறுநாள் அவன் ஏன் பஸ்ஸில் ஏறவில்லை என்று எல்லாரும் கேட்டபோது, யானை பார்க்கிற ஆசையில் ஒளிந்துகொண்டிருப்பான் என்று நான்தான் முதலில் சொன்னேன். பாவி நான். அந்தப் பேச்சே நிலைத்துவிட்டது. பெற்றவர்களும் நம்பினார்கள்.

திரும்பி வந்த முதல் வாரமே பெருக்குகிற வீரலட்சுமி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கெபிகிட்ட ரெண்டு குழி இருக்குதுங்க சார். முட்டி போட்ட குழியாட்டம். நெரவி உட்டுட்டுப் போனா காத்தால மறுபடியும் இருக்குது."

"நாய் தோண்டியிருக்கும். போம்மா, வேலையப் பாரு."

எரிந்து விழுந்தேனே தவிர, அந்தப் பக்கம் நான் போகவே இல்லை.

ஆகஸ்டில் மறுபடியும் யானை இறங்கியது. மூன்று மணிக்கு லாங் பெல். இந்த முறை ஹெட்மாஸ்டர் ஃபாதர் என் கையைப் பிடித்துச் சொன்னார், "சார், ஒரு மூலை விடாம பாத்துட்டு வாங்க. இன்னொரு தடவை நம்மால தாங்க முடியாது."

ஒவ்வொரு வகுப்பாகப் பார்த்தேன். காலி. கழிப்பறை காலி. கோயில் காலி. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. உருகிய மெழுகுவர்த்தி வாசனையோடு யானைச் சாணத்தின் வாடையும் வந்தது. எங்கோ மூங்கில் முறிகிற சத்தம்.

கெபியின் முன்னால் ஒருவன் முட்டி போட்டிருந்தான்.

முதுகு மட்டும் தெரிந்தது. வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண்.



"சார்," என்றான் திரும்பாமல். "போலாமா சார்?"

ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் வேறு யார் வந்து சொன்னாலும் அவன் எழுந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். "எந்திரிடா," என்றேன். "எந்திரிச்சு வீட்டுக்குப் போப்பா."

எழுந்தான். முட்டியில் புதைந்திருந்த கல் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. நொண்டிக்கொண்டே மதில் பக்கம் போனான். அங்கே வழியே கிடையாது.

அன்று சாயங்காலம் எனக்கு நன்றாகப் பசித்தது. விட்டது சனி என்று நினைத்தேன்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. ஹரீஷின் அம்மா ஜோதியம்மாள்.

"சார்... பையன் வந்துருக்கறான் சார்."

எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை.

"வாசல்ல நிக்கறான். முட்டியெல்லாம் ரத்தம். ராஜசேகர் சார் இப்பத்தான் எழுப்பி உட்டாருங்கறான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "யானை பாக்க ஒளிஞ்சிக்கிட்டான்னு சொன்னீங்களே சார். சொல்பேச்சு கேக்காத கழுதைன்னு அவங்கப்பன் ரெண்டு வருசமா அவன் போட்டோவக்கூட மாட்ட உடல. அவன் ஒளியலயா சார்?"

"இல்லம்மா. நான்தான் முட்டி போட வச்சேன். மறந்துட்டேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"உள்ள வாடா சாமின்னு கூப்புட்டா வரமாட்டேங்கறான் சார். நீங்க சொல்லணுமாம். போன அவன்கிட்டயே குடுக்கறேன்."

"குடுக்காதடி! சார், சொல்லாதீங்க சார், அது நம்ம பையன் இல்ல!" அவன் அப்பா கிருஷ்ணப்பன் பின்னால் கத்தினார்.

"சொல்லுங்க சார், உங்க கால்ல உழறேன்," என்று ஜோதியம்மாள் அழுதாள்.

பிறகு இரண்டு பேர் குரலும் தூரமாகப் போயின. போனில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது.

"உள்ள போலாமா சார்?"

நான் போனை வைத்துவிட்டேன்.

கிருஷ்ணப்பன் வேலையை விட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டாராம். ஜோதியம்மாள் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். தினமும் ஏழு மணிக்கு அவள் நம்பரிலிருந்து போன் வருகிறது. நேற்றும் எடுத்தேன். நேற்றும் அவன் மரியாதையாகத்தான் கேட்டான்.