சித்தியின் லேத்தும் ஆறு வித்தியாசங்களும்

ஆறு பெரியவர்கள் மூச்சைப் பிடித்துத் தள்ளியும் அசையாத இரும்பு இயந்திரத்தை, பத்து வயதுச் சுண்டெலி ஒருத்தி ஒற்றை விரலால் சுற்றிவிட்டாள். யானையைக்கூடக் கூப்பிட்டிருப்பார்கள், வாசல்தான் சின்னது. நம்பாதவர்கள் வரிசையில் நில்லுங்கள். முதல் ஆளாகச் சித்தப்பா நிற்கிறார்.

சுண்டெலி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள். சித்தி பேருந்து ஓட்டுநர். அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுகிறவருக்கு, உள்ளங்கையில் அடங்கும் ரயில் எஞ்சின் ஒன்றைத் தன் கையாலேயே செய்துவிட வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் யாரோ மூலையில் போட்டிருந்த பழைய குட்டி லேத்தை வாங்கி வந்தார். இரும்பையும் பித்தளையையும் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம் அது.

வந்த நாள் முதல் அது சுழலவே இல்லை.

சித்தப்பா தன் நண்பர்கள் ஐந்து பேரைக் கூட்டி வந்தார். ஆறு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். நான்கு சட்டைப் பொத்தான்கள் பறந்தன. லேத் அசையவில்லை.

"துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. சனிக்கிழமை நாலு மணிக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் வர்றார். அதுக்குள்ள சுத்தலேன்னா குடுத்துடலாம்" என்றார் சித்தப்பா.

சித்தி, எஞ்சின் வரைந்து வைத்திருந்த தாளை நான்காக மடித்து அலமாரியில் வைத்தார். அந்த மடிப்பைப் பார்த்ததும் சுண்டெலி சித்தப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"சித்தப்பா, சனிக்கிழமைக்குள்ள இதை நான் சுத்த வைக்கிறேன்."

"நீயா? அடுப்புல கொதிக்கிற இந்தக் கெட்டில் மூடியைத் தூக்கிக் காட்டு முதல்ல!" என்று சொல்லிக்கொண்டே அவர் மூடியைத் தொட்டார். "ஸ்ஸ்... ஆ!" மூடியின் குமிழ் உடைந்து ஒரு வருடம் ஆகிறது. தினமும் காலையில் அந்த வீட்டில் கோழிக்குப் பதில் சித்தப்பாதான் கூவுவார்.

விரலை ஊதியபடியே, "சுத்தியலால ரெண்டு போடு போட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம்! பல்லு உடைஞ்சிடும்!" என்றாள் சுண்டெலி.

"என் பல்லா?"

"சக்கரத்தோட பல்லு!"

லேத்தில் பெயர்த்தகடு இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் மிச்சம். எந்த வகை லேத் என்று தெரிந்தால்தானே அதைப் பற்றி யாரிடமாவது கேட்க முடியும்? சுண்டெலி மண்ணெண்ணெயும் பழைய பல் தூரிகையுமாக உட்கார்ந்தாள். அவள் தேய்த்த தேய்ப்பில் மூன்று தூரிகைகள் வழுக்கையாகின. வியாழக்கிழமை, மூன்றாவது பூச்சுப் பச்சை வண்ணத்துக்கு அடியில், அடிப்பாகத்தின் ஓரத்தில் ஓர் எண் எட்டிப் பார்த்தது.

"சித்தி! நம்பர்!"

பழைய லேத்துகளைச் சேகரிப்பவர்களின் குழு ஒன்று சித்தியின் கைபேசியில் இருந்தது. எண்ணைப் படம் எடுத்து அனுப்பினார்கள். மறுநாள் யாரோ ஒருவர், அதே லேத்தின் படம் உள்ள பழைய கையேட்டுப் பக்கம் ஒன்றை அனுப்பினார்.

சுண்டெலி படத்தைப் பார்த்தாள். லேத்தைப் பார்த்தாள். ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள வகுப்பில் ஆளே கிடையாது.

சனிக்கிழமை காலையில் எண்ண ஆரம்பித்தாள். "தகடு இல்ல, ஒண்ணு. சக்கரத்தைச் சுத்துற வார் நைஞ்சிருக்கு, ரெண்டு. நம்மளது அழுக்கு, மூணு. கைப்பிடி ஒண்ணு காணோம், நாலு. படத்துல சித்தப்பா சாஞ்சுக்கிட்டு நிக்கல, அஞ்சு."

சித்தப்பா நகர்ந்தார். அவர் சாய்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன நெம்புகோல். படத்தில் அது பின்னால் சாய்ந்திருந்தது. இங்கே முன்னால்!

"ஆறு! இது துரு இல்ல, பூட்டு!" என்று கத்தினாள். "கையேட்டுல போட்டிருக்கு பாருங்க, சக்கரத்துல சொருகியிருக்கிற இந்த இரும்பு முள்ளைப் போட்டா வேகமா சுத்தும். அதை எடுத்துட்டு நெம்புகோலை முன்னால இழுத்தா மெதுவா சுத்தும். யாரோ ரெண்டையும் ஒண்ணாப் போட்டுட்டாங்க. ரெண்டு பேர் காலைச் சேத்துக் கட்டின மூணுகால் ஓட்டத்துல ஒருத்தர் ஓடி, ஒருத்தர் நடந்தா எப்படி நகரும்?"

பிசின் போல் காய்ந்திருந்த பழைய எண்ணெயில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். காத்திருந்தாள். மறுபடி ஊற்றினாள். மெல்ல அசைத்து அசைத்து, நெம்புகோலைப் பின்னால் தள்ளினாள். டக்!

பிறகு ஒற்றை விரலை நீட்டினாள். சக்கரம் வெண்ணெயாகச் சுழன்றது.

"நாங்க தள்ளித் தள்ளி லூசாக்கி வச்சோம், இவ தொட்டா!" என்றார் சித்தப்பா.

சுண்டெலி நெம்புகோலை முன்னால் இழுத்தாள். "இப்போ தள்ளுங்க."

சித்தப்பா தள்ளினார். ஐந்தாவது பொத்தானும் பறந்தது.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்த சித்தி, சீருடையைக்கூட மாற்றாமல் புது வார் மாட்டினார். மடித்த தாள் வெளியே வந்தது. ஆனால் சுண்டெலி, "எஞ்சினுக்கு முன்னாடி வேற ஒரு அவசர வேலை இருக்கு சித்தி" என்று அவர் காதில் கிசுகிசுத்தாள். பித்தளைத் துண்டு சுழன்றது. பொன்னிறச் சுருள்கள் தரையெல்லாம் உதிர்ந்தன.

சரியாக நாலு மணிக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் வந்தார். "ஆறு பேர் தள்ளியும் சுத்தாத மிஷின் எங்கங்க?"

"அது சுத்துதுங்க" என்றார் சித்தி.

"யாரு சுத்த வச்சது?"

சித்தப்பா சுண்டெலியைப் பார்த்தார். கெட்டில் மூடியில் பளபளத்த புதுப் பித்தளைக் குமிழைப் பிடித்து மூடியைத் தூக்கினார். ஒரு வருடத்தில் முதன்முறையாக, கூவவில்லை.

"இதோ இவதாங்க" என்றார். "ஒத்த விரல். நான் பக்கத்துலதான் நின்னேன்... நிஜமாவே நடந்துச்சு."