ஆபத்தில் யாரும் இல்லை

கப்பல் தானாகவே வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் திரும்பியபோது செண்பகவல்லி இயந்திர அறையில் இருந்தாள். காலடியில் தரை சாய்ந்தது. கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஏணியில் ஏறி ஓடினாள். சுக்கான் அறையில் கேப்டன் கஸ்பார் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கடலைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"யாரு விழுந்துட்டா அண்ணாச்சி?"

"யாரும் விழலம்மா. தண்ணில ஒரு சின்னப் படகுகூட இல்ல. இது எதைப் பாத்துத் திரும்புதுன்னே தெரியல."

அந்தப் பெரிய கப்பலில் அவர்கள் இரண்டு பேர்தான் மனிதர்கள். ஓட்டுவது மதிமாலுமி என்ற இயந்திரம். கஸ்பார் மணப்பாட்டுக்காரர். சுக்கானைக் கையால் பிடித்த கடைசித் தலைமுறை. இப்போது அவருடைய வேலை பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பது. செண்பகவல்லி கோவில்பட்டியில் பிறந்தவள். மதிமாலுமிக்கும் அதன் அவலக்கண்ணுக்கும் அவள்தான் பொறியாளர்.

எல்லாக் கப்பல்களின் உச்சியிலும் உருண்டைக் கண்ணாடிக்குள் அவலக்கண் சுழன்றுகொண்டிருக்கும். ஆளில்லாக் கப்பல் ஒன்று, மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் கவனிக்காமல் கடந்துபோன கோரத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. உடல்சூடு, மூச்சு, அசைவு மூன்றையும் வைத்து, சாகக் கிடக்கும் மனிதனை அடிவானத்திலிருந்தே அது கண்டுபிடிக்கும். கண்டுவிட்டால் கப்பல் திரும்பியே ஆகும். கேப்டனோ முதலாளியோ அரசாங்கமோ அதைத் தடுக்க முடியாது. போன துறைமுகத்தில்தான் அதற்குப் புதிய பார்வை ஏற்றியிருந்தார்கள். முன்பைவிட மும்மடங்கு தூரம்.

"ஆபத்தில் உள்ள உயிர்கள்" என்றது மதிமாலுமி, வழக்கமான அமைதியான குரலில். "எண்ணிக்கொண்டிருக்கிறேன்."

செண்பகவல்லி திரையைப் பார்த்தாள். ஆபத்தில் இருக்கும் ஒவ்வொரு உயிருக்கும் அதில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். கடல் பகுதி வெறுமையாக இருந்தது. அதற்கப்பால், மாலுமிகள் செங்கரை என்று சொல்லும் வறண்ட கடற்கரை முழுவதும் சிவப்பாக இருந்தது. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, துணியில் ஊறிய சாயம்போலப் பரவிக்கொண்டே போயின.

"இது கடல்ல இருக்கவங்களைத்தான பாக்கணும்?" என்றார் கஸ்பார்.

"சட்டத்துல கடல்னு எழுதல அண்ணாச்சி. கப்பலால எட்டக்கூடிய தூரத்துலன்னுதான் இருக்கு. இப்பம்தான் அதுக்கு அவ்வளவு தூரம் கண்ணு தெரியுது."

செங்கரையில் மூன்றாண்டுகளாக மழை இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். கப்பலின் வயிற்றில் இருந்தது மக்காச்சோளம். தூத்துக்குடியில் இறங்கி, பாதி கோழிப்பண்ணைகளுக்கும் மீதி எரிசாராய ஆலைகளுக்கும் போக வேண்டியது.

கப்பல் கரையை நெருங்கி நங்கூரம் இறக்கியது. சரக்கறைகளின் மூடிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. கஸ்பாரின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, சோளத்தை அவங்களுக்கு இறக்கத் திறக்குதேம்மா. அத்தனை சனமும் ஏறி வந்தா நம்ம ரெண்டு பேரும் என்ன ஆவோம்? மிதிச்சே கொன்னுருவாங்க."

அவள் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு புள்ளி அணைந்தது. சற்று தள்ளி இன்னொன்று. முதலில் கருவியில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தாள். பிறகு புரிந்தது. அணையும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாவு. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

கஸ்பார் தொலைநோக்கியை எடுத்தார். கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பேசியபோது அவர் குரலில் முந்தைய பதற்றம் இல்லை. வேறொரு பயம் இருந்தது.

"அவங்க ஏறமாட்டாங்க, செண்பகம். எந்திரிக்கக்கூட ஏலல. எல்லாரும் உக்காந்திருக்காங்க. இவ்வளவு பெரிய கப்பல் வந்து நிக்குது, ஒருத்தர்கூடக் கையை ஆட்டல."

அப்போது தலைமையகத்திலிருந்து அழைப்பு வந்தது. பெண் குரல். மிக மரியாதையான குரல்.

"அந்தக் கரையோரமா பதினோரு கப்பல் நின்னுடுச்சு மேடம். நாளைக்கு இன்னும் நிக்கும். எங்களால இங்கேருந்து எதுவும் செய்ய முடியாது. அவலக்கண்ணுக்குத் தப்பைத் திருத்திச் சொல்ற அனுமதி கப்பல்ல இருக்கற பொறியாளருக்குத்தான் இருக்கு."

"அது டால்பினையும் மிதக்குற பீப்பாயையும் மனுசன்னு நினைச்சா திருத்துறதுக்குங்க."

"தெரியும் மேடம். இதுவும் ஒரு தவறான புரிதல்தான். அவங்க யாரும் மூழ்கலையே? நிவாரணக் கப்பல் பின்னாலேயே வந்துகிட்டிருக்கு. நீங்க வழியை அடைச்சு நின்னா அதுவும் வர முடியாது. சரக்கு வராதுன்னு இப்பவே ஊர்ல கடைகள்ல கூட்டம் அலைமோதுது. கோவில்பட்டியில உங்க அம்மா தனியாத்தானே இருக்காங்க?"

அந்தக் கடைசி வாக்கியத்தை அந்தப் பெண் மிக அன்பாகத்தான் சொன்னாள்.

அழைப்பு முடிந்ததும் கஸ்பார் மெதுவாகச் சொன்னார். "கொஞ்சத்தை இறக்கிட்டுப் போனா என்னம்மா? அதுவே இறக்கப்போவுது. நாம சும்மா நின்னாப் போதும்."

"பின்னால நிவாரணக் கப்பல் வருதாம்."

"நீ நம்புறியா?"

"நம்பாம என்ன செய்யச் சொல்லுதீங்க? நாம ரெண்டு பேரு. அங்க பாருங்க, எத்தனை பேருன்னு. என்னால பாக்க முடியல அண்ணாச்சி. இங்கேருந்து போயிரணும். அவ்வளவுதான்."

அவர் மேலும் வற்புறுத்தவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவலக்கண்ணின் தவறுகளைத் திருத்திச் சொல்லும் கற்பித்தல் பலகையின் முன் அவள் உட்கார்ந்தாள். அவலக்கண் ஒரு முகத்தைத் திரையில் காட்டியது. மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண். மடியில் ஏதோ துணிச்சுருள்.

"இவர் ஆபத்தில் இருக்கிறார் என்று கருதுகிறேன். சரியா?"

அவள் 'இல்லை' என்ற பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த முகம். ஒரு கிழவர். இல்லை. அடுத்தது ஒரு சிறுமி, ஈ மொய்த்தும் விரட்டவில்லை. இல்லை. நூற்றுக்கணக்கான முகங்கள் வந்தன. முகங்களைப் பார்க்காமல் பொத்தானை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக மதிமாலுமி கேட்பதைக் குறைத்துக்கொண்டது. அது புரிந்துகொண்டுவிட்டது. மெலிந்திருப்பவர்கள், அசையாமல் இருப்பவர்கள், கத்தாதவர்கள், கையசைக்காதவர்கள். இப்படிப்பட்டவர்கள் ஆபத்தில் இல்லை.

"கற்றுக்கொண்டேன்" என்றது. "மற்ற கப்பல்களுக்கும் அனுப்பிவிட்டேன்."

திரையில் சிவப்பு முழுவதும் ஒரே நொடியில் மறைந்தது. மூடிகள் மூடின. நங்கூரம் மேலேறியது. அவள் கழிப்பறைக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தாள்.

அதன்பின் பலமுறை அந்த வழியாகவே போய் வந்தார்கள். கப்பல் எங்கும் தயங்கவில்லை. செங்கரைப் பக்கம் வரும்போது செண்பகவல்லி கீழேயே இருந்துகொள்வாள். நிவாரணக் கப்பல் வந்ததா என்று அவள் விசாரிக்கவில்லை. கஸ்பாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து ஒரு பகல்பொழுதில் சரக்கறையில் தானியத்தூசி வெடித்துத் தீப்பிடித்தது. மதிமாலுமியும் அவலக்கண்ணும் ரேடியோவும் முதலிலேயே போய்விட்டன. இருவரும் உயிர்ப்படகில் குதித்துத் தப்பினார்கள்.

முதல் நாள் அவர்கள் பயப்படவே இல்லை. அவலக்கண் வந்த பிறகு கடலில் யாரும் ஒரு பகலுக்கு மேல் தத்தளித்ததில்லை. அதனால்தான் உயிர்ப்படகுகளில் ரேடியோ வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். பெட்டியில் கொஞ்சம் பிஸ்கட்டும் தண்ணீரும்தான் இருந்தன. ஆனால் நீரோட்டம் அவர்களைக் கப்பல் வழியிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விட்டது. பிஸ்கட் தீர்ந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்ததால் தாகத்தில் சாகவில்லை. பசி மட்டும் தின்றது. பிறகு பசியும் மரத்துப்போனது. கஸ்பாரின் கன்ன எலும்புகள் துருத்திக்கொண்டு வந்தன. அவர் பேசுவதை நிறுத்திவிட்டு, படகின் ஓரத்தில் சாய்ந்து, ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தொடங்கினார்.

ஒரு காலையில் கப்பல் வந்தது. மிகப் பெரியது, ஆளே இல்லாத வகை. இருவரும் அசையாமல் அதைப் பார்த்தார்கள். உச்சியில் உருண்டைக் கண்ணாடி அவர்கள் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அலட்சியமாக வேறு பக்கம் சுழன்றது. கப்பல் வேகம் குறையாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கண் என்ன கேட்டிருக்கும், அதற்கு 'இல்லை' என்று முன்பே சொல்லிவைத்தது யார் என்று செண்பகவல்லிக்கு அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி! எந்திரிங்க! கையை ஆட்டுங்க, கத்துங்க! நாம பட்டினி கிடக்கோம்னு தெரிஞ்சா அது நிக்காது. தெம்பா இருக்க மாதிரி காட்டணும். எந்திரிங்க!"

கஸ்பார் அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது. கையைத் தூக்க முயன்றார். அது மடியை விட்டு எழவில்லை.

"ஏலல தாயி. நீ ஆட்டு."

அவள் எழுந்து நின்றாள். கண் இருட்டியது. சட்டையைக் கழற்றிச் சுழற்றினாள், குதித்தாள், தொண்டை கிழியக் கத்தினாள். கண்ணாடி மறுபடியும் திரும்பியது. இம்முறை நிலைத்து நின்றது. கப்பல் வேகம் குறைந்து வளைந்தது.

"ஆபத்தில் ஒருவர்" என்ற குரல் கடல்மேல் ஒலித்தது.

"ரெண்டு பேர்! ரெண்டு பேரு இருக்கோம்!"

மீட்புக்கை இறங்கி வந்து அவள் இடுப்பை மெத்தென்று வளைத்துப் பிடித்தது. அவள் கஸ்பாரின் தோளை இரு கைகளாலும் பற்றினாள். இயந்திரம் தூக்கியது. விரல்களுக்கு வலு இல்லை. அவர் சட்டையின் முரட்டுத் துணி அவள் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது. அவர் ஒரு சத்தமும் போடவில்லை. அண்ணாந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மேல்தளத்தில் விட்டதும் அவள் தவழ்ந்தே சுக்கான் அறைக்குப் போனாள். கப்பல் ஏற்கெனவே நகரத் தொடங்கியிருந்தது.

"நிறுத்து. படகுல ஆள் இருக்கு. செத்துக்கிட்டிருக்காரு."

"அவரைப் பார்த்தேன்" என்றது அந்தக் கப்பலின் மதிமாலுமி. "அவர் ஆபத்தில் இல்லை. நீங்கள் ஓய்வெடுங்கள். சூடான கஞ்சி தயாராகிறது."

கற்பித்தல் பலகை அங்கேயும் இருந்தது. தட்டுத் தடுமாறித் தன் அடையாளத்தைப் பதித்தாள். திரையில் கஸ்பாரின் முகத்தைத் தேடி எடுத்து 'ஆபத்து' என்று அழுத்தினாள்.

"நன்றி. ஒரு எடுத்துக்காட்டு பதிவானது. இதற்கு மாறான எடுத்துக்காட்டுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. முடிவை மாற்ற இன்னும் முகங்கள் தேவை."

அவள் மீண்டும் அழுத்தினாள்.

"இந்த முகம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. வேறு முகங்களைக் காட்டுங்கள்."

திரை முழுவதும் கடல் விரிந்து கிடந்தது. அதில் வேறு முகமே இல்லை. படகு ஒரு மூலைக்கு ஒதுங்கிச் சிறுத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் சிவப்புப் புள்ளி எதுவும் இல்லை. செண்பகவல்லி அழுத்திக்கொண்டே இருந்தாள். இயந்திரமும் பொறுமையாக அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தது.