ஹேசலின் காவல்

நெதர்கோமுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் பேருந்து. அதுவும் ஊருக்குள் வராது. பாலத்தருகே இறக்கிவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் அவசரமாகத் திரும்பிப் போய்விடும். நான் இறங்கியது நவம்பர் மாதத்துப் பிற்பகல். தேநீர் நேரம்தான் என்றாலும் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. வயல்களின் மேல் பனி இறங்கியிருந்தது. எங்கோ ஓர் ஆடு இருமியது, கேட்பதற்கு மனிதன் இருமுவதுபோலவே இருந்தது.

அக்கா ஹில்டாவின் வீட்டுக்குத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம் வழியாகப் போனால் சுருக்கு. ஹேசலை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்த வழியாக நான் போனதில்லை. ஹேசல் அக்காவின் ஒரே மகள். பள்ளிக்கூடம் போகிற வயதில், ஒரு குளிர்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். அதெல்லாம் அந்தக் காலம். இப்போது எனக்கு முழங்கால் வலி, சுற்றிப் போகத் தெம்பில்லை.

தோட்டத்தின் வாசலில் கூரை போட்ட பழைய மரக்கேட் ஒன்று உண்டு. சவப்பெட்டியைச் சுமந்து வருகிறவர்கள் மழைக்கு ஒதுங்கி நிற்கும் இடம் அது. கொண்டியைத் தூக்கக் கையை நீட்டினேன்.

என் கை படுவதற்கு முன்பே கொண்டி எழுந்தது.

கேட் மெல்லத் திறந்தது. காற்றில்லை. ஈரக் கம்பளியின் வாசனை மட்டும் வந்தது. பழைய இரும்பு, இற்றுப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நடந்தேன். கேட்டைச் சாத்தவில்லை. நகரத்து ஆள், எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பாதித் தூரம் போன பிறகு பின்னால் கொண்டி இரண்டு மூன்று முறை தடுமாறி விழும் சத்தம் கேட்டது.

அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"பின்னால ஊர்வலமா வருது, கதவை இப்படித் திறந்து போட்டுட்டு நிக்கிறே? சாத்துடா. கேட்டையும் சாத்தாமதான் வந்திருப்பே."

"அது தானாவே சாத்திக்கிச்சு."

"தானா எங்க சாத்தும். அவதான் சாத்துவா. கொண்டி அவளுக்கு எட்டாது, எம்பி எம்பிப் போடணும், பாவம்."

நான் திரும்பிக் கதவைச் சாத்தினேன். அக்காவோ தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். மெலிந்து, சட்டைக்குள் காணாமல் போயிருந்தாள். மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். நாக்கு மட்டும் பழைய எடையிலேயே இருந்தது.

இந்த ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. தோட்டத்தில் கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் கேட்டுக்குக் காவல். அடுத்த ஆள் வரும்வரை நின்று, வருகிறவருக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு சாவு, யாரும் அதிக நாள் நிற்க வேண்டியிருந்ததில்லை. ஹேசலை வைத்த சில நாட்களில், இடம் நிறைந்துவிட்டது என்று தோட்டத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஊரில் செத்தவர்களையெல்லாம் டவுனுக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். ஆகவே ஹேசலுக்குப் பிறகு யாரும் வரவில்லை.

"இத்தனை வருஷமா புள்ள நின்னுக்கிட்டிருக்கா, நார்மன். என்னை அங்கதான் வைக்கணும். அவ குழியிலயே. அப்பவே ரெண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டச் சொல்லியிருந்தேன். தோட்டத்துல இடம் மிச்சமிருக்கிற குழி அது ஒண்ணுதான், சொந்தக்காரங்களை வைக்கலாம்னு பாதிரியாரும் சொல்லிட்டாங்க. நீ கையெழுத்து போட்டாப் போதும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் கணவர் லெனார்டு அத்தான், மகள் போன பிறகு இந்த ஊரில் இருக்கப் பொறுக்காமல் எங்களோடு பிரிஸ்டலுக்கு வந்துவிட்டவர். அங்கேதான் இறந்தார். அவர் கல்லறைக் கல்லில் அக்காவின் பெயருக்கும் இடம் விட்டிருக்கிறது. அக்கா மட்டும் வீட்டை விட்டு அசையவே இல்லை.

"அத்தான் பக்கத்துல இடம் காத்துக்கிட்டிருக்குக்கா. அவர் பாவம் இல்லையா?"

"அவருக்குத் துணைக்கு அங்க ஊரே படுத்திருக்கு. இவளுக்கு யாரு இருக்கா?"

யோசிக்கலாம் என்றேன். அவள் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னொண்ணு. என் தடிமனான கோட்டைப் போட்டுத்தான் அனுப்பணும். கம்பளித் தொப்பி. பூட்ஸும்."

"எந்த மலை ஏறப் போறே?"

"சொன்னதைச் செய்."

மறுநாள் மதியம் அவள் தூங்கியபோது வயல் வழியாக நடந்தேன். ஆற்றோரம் வில்லோ மரங்கள் வெறும் குச்சிகளாக நின்றன. திரும்பும்போது மூடுபனி என்னை முந்திக்கொண்டது. தேவாலயத்துக் கோபுரம் பாதிக்கு மேல் இல்லை. கேட்டின் கூரைக்குக் கீழே வந்து நின்றேன். தரைக் கற்கள்மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது.

கேட்டின் உட்புறம் இரண்டு இடங்களில் மட்டும் பனி இல்லை.

சின்னப் பாதங்கள் அளவு. பக்கத்தில் பக்கத்தில்.

கொண்டி எழுந்தது. கேட் திறந்தது. ஈரக் கம்பளி வாசனை இடுப்பு உயரத்திலிருந்து வந்தது. என் கைவிரல்களை வேறு விரல்கள் தொட்டன. கையுறை போட்ட, நனைந்த விரல்கள்.

"நீங்கதானா?"

மூச்சே இல்லாத குரல். நான் குனிந்து பார்த்தேன், யாரும் இல்லை.

"அடுத்தது நீங்கதானா?"

"இல்ல," என்றேன். "இல்லடா கண்ணு. நான் இல்ல."

விரல்கள் விலகின. அழுகை எதுவும் கேட்கவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதே பதிலைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன குழந்தையாக, அவள் பேசாமல் எனக்கு வழிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவள் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வெகு நேரம் விடவில்லை.

"கை சில்லுன்னு இருந்துச்சா?"

"ம்."

"எனக்கு அவ வந்ததே இல்லடா. தினம் சாயங்காலம் போய் நிப்பேன். ஊர்ல எல்லாருக்கும் கேட்டைத் திறந்து விடுறா. எனக்கு மட்டும் நானேதான் திறந்துக்கணும். பெத்தவளை அனுமதிக்க மாட்டாங்க போலிருக்கு." சிறிது பொறுத்து, "கையுறை நனைஞ்சிருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்குத்தான் அக்கா அழுது பார்த்தேன்.

அன்றே அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். மகள் பக்கத்தில் அம்மா படுத்திருப்பாள், இருட்டில் இனி இரண்டு பேர் இருப்பார்கள் என்று என் மனதைத் தேற்றிக்கொண்டேன். பிரிஸ்டலில் அந்தக் கல் பாதி காலியாகவே இருக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அக்கா போய்விட்டாள். கோட்டும் தொப்பியும் பூட்ஸும் போட்டுத்தான் பெட்டியில் வைத்தோம். பெட்டியைக் கேட்டின் கூரைக்குக் கீழே இறக்கியபோது, பாதிரியார் வாயைத் திறப்பதற்கு முன்பே கொண்டி எழுந்தது. அது படபடவென்று ஆடியது, அவசரத்தில் கைதவறியதுபோல. சுமந்து வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் விலகியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தவர் டென்ஸில். ஹேசலுக்குக் குழி தோண்டியதும் அவர்தான். அப்போது வாலிபன், இப்போது முதுகு வளைந்த மனிதர்.

"ஒருவழியா அம்மாவும் பொண்ணும் சேர்ந்துட்டாங்க," என்றேன், அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

டென்ஸில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சேர்றதா? அது எப்படிங்க? காவலுக்கு ஒரு ஆள்தான். புது ஆள் வந்தா பழைய ஆள் போயிடணும். அங்க நிக்கக் கூடாது."

"அப்போ ஹேசல்?"

"இந்நேரம் கிளம்பியிருக்கும்."

"அக்காவுக்கு இது தெரியாதே, டென்ஸில்."

"தெரியாமலா? என்னைக் கூப்பிட்டு வெச்சுக் கேட்டாங்களே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிக்க முடியுமான்னு. முடியாதும்மா, கேட்ல மாறிக்கிற நேரம் மட்டும்தான்னு சொன்னேன். அது போதும்னாங்க." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு அடுத்து யாரும் வர மாட்டாங்களேம்மா, தோட்டம் மூடினது மூடினதுதானேன்னேன். பூட்ஸ் போட்டுக்கிறேன்னாங்க."

நான் கேட்டைப் பார்த்து ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

கேட் விரியத் திறந்திருந்தது.

கூரைக்குக் கீழே யாரும் இல்லை. இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று தேம்பியது. "நானும் இங்கயே நிக்கிறேம்மா." மற்றது என் அக்காவின் குரல், அதே அதட்டல்.

"கையுறையைக் கழட்டு, நனைஞ்சிருக்கு. ம். இப்ப ஓடு. கேட்டை நான் சாத்திக்கிறேன்."

பாதையில் சின்னக் காலணிகளின் சத்தம். சில அடி போயிற்று. நின்றது. திரும்பி வந்தது.

"ஓடுன்னு சொன்னேன்ல."

மறுபடி காலணிகள். நடந்து, பிறகு ஓடி, பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி, கேட்காமல் போனது. அத்தனை வருடம் நின்ற கால்கள், நிற்காமல் ஓடின. கேட் மெதுவாக மூடியது. கொண்டி ஒரே முறையில், உயரத்திலிருந்து, சரியாக விழுந்தது.

காலையில் கூரைக்குக் கீழே உறைபனி படிந்திருந்தது. பெரிய பூட்ஸ் அளவுக்கு இரண்டு இடங்கள் மட்டும் காய்ந்து கிடந்தன.

எனக்கும் அந்தத் தோட்டத்தில் இடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு ஆள் ஆழம்தான், நிறைந்துவிட்டது என்று பாதிரியார் வருத்தத்தோடு சொன்னார். அக்காவை மாற்றிவிட யாரும் இல்லை. என்னால் முடிந்தது, பேருந்து வரும் நாட்களில் போய்வருவதுதான். கேட் எனக்குத் தானாகத் திறக்கும். அக்கா வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், அங்கே எனக்கு வேலை இல்லை. தோட்டத்தைச் சுற்றி வந்து, போகும்போது வேண்டுமென்றே கேட்டைச் சாத்தாமல் நடப்பேன்.

பாலம் வரும்வரை திரும்பிப் பார்க்க மாட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு பின்னால் அது படாரென்று சாத்தப்படும், அவளுக்கு என்மேல் கோபம் வரும்போது சாத்துகிற அதே வேகத்தில்.