முன்காட்டிக்குள் தங்கபுஷ்பம்

செவ்வாய்க் கிரகத்தின் உறைகூடத்தில் பச்சை விளக்கு அணைந்து மூன்று வாரமாகிவிட்டது. மின்சாரத்தை நிறுத்த மின்பணியாளன் மரியசெல்வம் வந்து நின்றான்.

"ஆள் தீந்துட்டு அண்ணாச்சி. கூடத்தப் பூட்டிருவோம்," என்றவன் குரலைத் தாழ்த்தினான். "மதினி வார வழியிலேயே தவறிப் போயிருக்கணும். மனசத் தேத்திக்கோங்க."

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பிச்சைக்கனி இயந்திரத்தின் பக்கம் திரும்பினார்.

பூமியிலிருந்து உறங்கிக்கொண்டே வந்தவர்களை வாரத்துக்கு ஒருவராக எழுப்பிவிடுகிற இயந்திரம் அது. அதற்குப் பெயரே எழுப்பி. வீடு கட்டக் கட்டத்தான் ஆளை எழுப்ப முடியும். அதற்குத் தெரிந்தது இரண்டே வேலை. நெம்புகோலை இழுத்தால் அடுத்த ஆளைத் தரும். உள்ளே இன்னும் ஆள் இருந்தால் பச்சை விளக்கை எரியவிடும். அடுத்தது யார் என்று காட்டாது. வெளியே வந்தவரைத் திரும்ப உள்ளே அனுப்பவும் முடியாது. பூமியில் சீல் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

முதல் ஆண்டே எழுந்த பிச்சைக்கனி இருபத்தைந்து வருடமாக மனைவிக்குக் காத்திருந்தார். படித்தவன் செய்த இயந்திரத்தை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. சீலைத் தொடாமல் எழுப்பியின் வாயில் ஒரு கண்ணாடி அறையைப் பொருத்தினார். அதுதான் முன்காட்டி. அடுத்த ஆளை முன்கூட்டியே இழுத்து, அரைத்தூக்கத்தில் அதற்குள் கிடத்திவிடுவார். உறவுக்காரர்கள் ஒரு வாரம் வந்து பார்ப்பார்கள், துணி தைப்பார்கள், கட்டில் போடுவார்கள். முறை வந்ததும் கதவைத் திறப்பார். ஊரே அவரைக் கும்பிட்டது.

விளக்கை மட்டும் அவர் யோசிக்கவில்லை. எழுப்பியோ கண்ணாடிக்குள் வந்துவிட்ட ஆளையும் 'போயாச்சு' என்று கணக்கில் கழித்து, கடைசி ஆளானால் விளக்கையும் அணைத்துவிடும்.

மரியசெல்வம் மின்விசையில் கை வைத்தான்.

"எடுவே கைய!" பிச்சைக்கனி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "விளக்கு பொய் சொல்லுது. கரண்ட்ட நிறுத்துனா அவ செத்துருவா."

முன்காட்டியின் மேல் போட்டிருந்த திரைச்சீலையை விலக்கினார். உள்ளே தங்கபுஷ்பம் கண்மூடிக் கிடந்தாள். நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"அடப்பாவி மனுசா! மூணு வாரமா ஒளிச்சு வச்சிருக்கியளா? தொறந்து விட வேண்டியதுதான?"

"அவளுக்கு முப்பது. எனக்கு அம்பத்தொம்பது." அவர் தரையைப் பார்த்தார். "கண்ண முழிச்சு, யாரு இந்தக் கிழவன்னு கேட்டுட்டான்னா?"

"அதுக்காவ கண்ணாடிக்குள்ளயே வச்சிக் குடும்பம் நடத்துவியளா?"

பிச்சைக்கனி கதவின் பிடியைத் திருப்பினார். குளிர்ந்த ஆவி வெளியேறியதும் தங்கபுஷ்பம் இருமினாள். கண்ணைத் திறந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தெனமும் வந்து பல்லு போச்சு, முடி போச்சுன்னு ஒப்பாரி வச்சியள்லா. அவ்வளவு ஒண்ணும் மோசமில்ல."

"நான் பேசுனது கேட்டுதாட்டீ?"

"கேக்காம? வாயிதான் அசையல. வெளிய வந்து பேசிக்கிடுதேன்னு கெடந்தேன்."

மரியசெல்வத்தின் முகம் வெளிறியது.

"மதினி... உள்ள கெடந்த எல்லாருக்குமா கேக்கும்?"

"எனக்குக் கேட்டா எல்லாருக்கும்தான கேக்கும்?"

"இத்தன வருசத்துல ஒருத்தரும் சொல்லலியே!"

"நானா இருந்தாலும் சொல்லமாட்டேன். அப்புறம் ஒரே வீட்டுல இருக்கணும்லா?"

அவனுடைய மாமியார் கண்ணாடிக்குள் கிடந்த அந்த வாரம் முழுக்கத் தான் பேசியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபடி மரியசெல்வம் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊரில் பாதிப்பேர் அந்தக் கண்ணாடி வழியாக வந்தவர்கள்.

தங்கபுஷ்பம் கணவரின் தோளைப் பற்றி எழுந்தாள். இருபத்தைந்து வருடம் மடங்கிக் கிடந்த கால் ஊன்றவில்லை.

"மெதுவாப் போங்க. என்னால வெரசா வரமுடியாது."

அவருக்கு மூட்டுவலி. வேகமாக நடந்து வருடக்கணக்காகிறது. இருவரும் ஒரே நடையில் வாசலுக்குப் போனார்கள்.